ஒரு ஊதுவத்தி நேர அமைதி

சீனாவின் ஜிங்தெஜென் ஊரில் பீங்கான் செய்கிற வேலையில் பாதியைத்தான் மண்ணும் நெருப்பும் செய்கின்றன. மீதிப் பாதியை அரசுச் சூளை அலுவலகம் செய்கிறது. அதாவது, செய்து முடித்ததைப் பார்த்து "இது சரியில்லை" என்று எழுதி, அதை மூன்று படி எடுத்து, மூன்றிலும் சிவப்பு முத்திரை குத்துகிறது. முத்திரைப் பிரிவில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். சக்கரம் சுற்ற ஐந்து பேர்தான். ஆனாலும் கிண்ணங்கள் எப்படியோ உருவாகிவிடுகின்றன.

அந்த அலுவலகத்தில் லியாவ் சாங்கென்னுக்கு மெருகு முக்குகிற வேலை. காய்ந்த கிண்ணத்தை மெருகுக் குழம்பில் ஒரே முக்காக முக்கி எடுத்து, சொட்டாமல் திருப்பி, சூளைக்கு அனுப்புவார். முப்பது வருடமாக அவர் முக்கி எடுத்த கிண்ணத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பிற்பாடு அவருக்கு வினையாக வந்து சேர்ந்தது.

தலைநகரிலிருந்து ஒரு பெட்டி வந்தது. மஞ்சள் பட்டுக்குள் ஒரு சின்னக் கிண்ணம். தூரிகை கழுவ வைத்திருப்பது. சோங் பேரரசர்கள் காலத்தது, ஐந்நூறு வயது. கஞ்சித் தண்ணீர் நிறம். உடம்பெல்லாம் வெடிப்பு. ஐந்நூறு வருடம் முன்னால் யாரோ ஒரு பாவப்பட்ட குயவனுக்கு மெருகு சரியாக வராமல் வெடித்திருக்கிறது. அவன் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கியிருப்பான். அப்புறம் எவரோ ஒரு கனவான் அதைக் கையில் எடுத்து "ஆகா" என்றிருக்கிறார். அன்றிலிருந்து வெடிப்பு குறை இல்லை, அழகு. கூட வந்த ஆணையில் ஒரே வரி: "இதைப் போலப் பன்னிரண்டு செய்க. மயிரிழை வித்தியாசமும் கூடாது."

முப்பது வருடம் வெடிக்காமல் பார்த்துக்கொண்ட மனிதர், இப்போது வெடிக்க வைக்கப் படாத பாடு பட்டார். முதல் சூளையில் இருபது கிண்ணங்களும் வழவழவென்று முகம் பார்க்கிற மாதிரி வந்தன. பதிவாளர் பாங் அவற்றைப் பார்த்து, "பிழையின்மை காரணமாக நிராகரிக்கப்பட்டது" என்று எழுதி, சுத்தியலால் உடைக்கச் சொன்னார். நாலு மாதம் ஆயிற்று. கடைசியில் குழம்பின் பக்குவம் பிடிபட்டு, பன்னிரண்டு கிண்ணங்கள் ஒழுங்காக, அதாவது ஒழுங்கில்லாமல், வெடித்து வந்தன. பெரிய வெடிப்புகளில் மை தேய்த்தார். சின்ன வெடிப்புகளில் தேயிலைச் சாறு. பழைய கிண்ணத்தின் அடி விளிம்பில் எந்தக் காலத்திலோ எவனோ இடித்த வடு ஒன்று அரிசி அளவில் இருந்தது. அதையும் பன்னிரண்டு தடவை பார்த்துப் பார்த்து இடித்தார்.

தலைநகரிலிருந்து ஆய்வாளர் தொங் படகில் வந்து இறங்கினார். பருத்த மனிதர். கையில் எப்போதும் தர்பூசணி விதைப் பை. அலுவலகத்தின் துணை மேற்பார்வையாளர் ஷீ கொங்வேய் அவரை வரவேற்று, கூடத்தில் நீளப் பலகை போட்டு, பழையது ஒன்றையும் புதியது பன்னிரண்டையும் வரிசையாக வைத்தார். ஷீக்குப் பேச்சு என்றால் உயிர்.

"நம்ம அலுவலகத்துல நகல்ங்கற வார்த்தையே கிடையாது, தொங் ஐயா. நாங்க செய்யறது முன்னோருக்கு மரியாதை. புதுசா ஏதாவது செய்யணும்னு இதுவரைக்கும் இங்க ஒருத்தனுக்கும் தோணினதில்ல. ஒரே ஒருத்தனுக்குத் தோணிச்சு. அவன விறகுக் கிடங்குக்கு மாத்திட்டோம். இப்ப ரொம்ப நல்லா இருக்கான்."

ஆய்வாளர் ஒரு விதையைக் கடித்துத் துப்பினார். "எல்லாம் ஒரே மாதிரிதான்யா இருக்கு."

இந்த இடத்தில் ஷீ வாயை மூடியிருந்தால் கதையே இல்லை. பாராட்டு அவர் தலைக்கு ஏறிவிட்டது. அங்கியின் கையை மடித்துக்கொண்டு, தாயக்கட்டை உருட்டுகிறவன் மாதிரி கிண்ணங்களை மேலும் கீழும் இடமும் வலமும் மாற்றினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. "இப்ப சொல்லுங்க பாப்போம், எது பழசு?"

ஆய்வாளர் உற்றுப் பார்த்தார். "தெரியலையே!"

எட்டு முத்திரைக்காரர்களும் கை தட்டினார்கள். ஷீயும் தட்டினார். ஆய்வாளர் சிரித்து ஓய்ந்து, "சரி, நீங்களே சொல்லுங்க, எது?" என்றார்.

ஷீ பலகையைப் பார்த்தார். அப்புறம் குனிந்து பார்த்தார். கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. பதிவாளர் பாங் ஓடிப்போய்ப் பதிவேட்டைக் கொண்டுவந்து பழைய கிண்ணத்தின் விவரத்தை உரக்க வாசித்தார்: "கிண்ணம் ஒன்று. நிறம் நன்று. வெடிப்புகள் பல." அந்த விவரம் பதின்மூன்றுக்கும் பொருந்தியது.

சாயங்காலத்துக்குள் குற்றவாளி யார் என்று அலுவலகம் கண்டுபிடித்துவிட்டது. லியாவ்தான். பதிவாளர் பாங் இரண்டு தாள்களை அவர் முன்னால் வைத்தார். பாங் கெட்ட மனிதர் இல்லை. எதையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிற பழக்கம், அவ்வளவுதான்.

"அண்ணே, நாளைக்கு மத்தியானம் ஆய்வாளர் ஐயா கிளம்பறார். அதுக்குள்ள முடிக்கணும். மொதத் தாள், பழசு எதுன்னு கண்டுபிடிக்க முடிஞ்சா. அப்ப நீங்க செஞ்ச நகல்ல வித்தியாசம் இருக்குன்னு அர்த்தம். மயிரிழையும் கூடாதுன்னு ஆணை. நாப்பது பிரம்படி. ரெண்டாவது தாள், கண்டுபிடிக்க முடியலேன்னா. அரண்மனைச் சொத்தத் தொலைச்ச குத்தம். அதுக்கும் நாப்பது. எல்லைக்கு நாடு கடத்தறது தனி."

"கலைச்சது ஷீ ஐயா ஆச்சே?"

"அதுக்குத் தாள் இல்லண்ணே. ரெண்டுலயும் கட்டைவிரல் வெச்சிடுங்க. தேதிய நான் அப்புறம் போட்டுக்கறேன்."

மறுநாள் காலையில் லியாவின் மனைவி குய்யிங் அலுவலக வாசலில் அவரை மடக்கி, ஒரு மூட்டையைக் கையில் திணித்தாள். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை. உட்காருகிற இடத்தில் மட்டும் ஒரு முழு மெத்தைப் பஞ்சும் இருந்தது.

"போட்டுக்குங்க. போன வருஷம் பக்கத்துத் தெரு சூளைக்காரருக்கு முப்பது வெச்சாங்க. மூணு மாசம் குப்புறப் படுத்தே கஞ்சி குடிச்சாரு. உங்களுக்கு நாப்பது. குப்புறப் படுத்தா நீங்க குறட்டை விடறது நிக்குமா, ஜாஸ்தியாகுமான்னு எனக்கு ஒரே கவலை."

"நீ வேற. குறட்டையா இப்ப முக்கியம்?"

"பின்ன? அம்பத்தோரு வயசுல இந்த ஒடம்புல அடி வாங்கித் தாங்குவீங்களா? முப்பது வருஷம் ஒழைச்சதுக்கு இதுவா கூலி?" குய்யிங் மூக்கைச் சிந்திவிட்டு, "பின்பக்கத்த முன்பக்கமா போட்டுத் தொலைக்காதீங்க" என்றாள்.

உள்ளே பிரம்படிக்காரன் மா காத்துக்கொண்டிருந்தான். லியாவின் எதிர்வீட்டுக்காரன். கூச்சத்தோடு வணங்கினான். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. மூங்கில நேத்தே ஊறப் போட்டுட்டேன். ஊறினதுல வலி கம்மி, சத்தம் ஜாஸ்தி. ஐயாமாருக்குச் சத்தம்தானே முக்கியம்."

சத்தம் என்ற அந்த வார்த்தை காதில் விழுந்ததும் லியாவ் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். ராத்திரி முழுக்கப் புரண்டும் தோன்றாதது அப்போது தோன்றியது. வெடிப்பு மெருகு சூளையோடு அடங்குவதில்லை. வெளியே எடுத்த பிறகும் மாதக்கணக்கில் உள்ளுக்குள் வெடித்துக்கொண்டே இருக்கும். நகத்தால் சுண்டினாற்போல 'டிங்' என்று மெல்லிய சத்தம் வரும். ஐந்நூறு வருடப் பழசோ எப்போதோ வெடித்து ஓய்ந்தது. பதின்மூன்றில் எது சத்தமே போடவில்லையோ, அதுதான்! அடிக்கு ஏதாவது வழி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் எல்லைக்கு விரட்டிவிடாமல் இருந்தால் போதும் என்று அவர் மனம் துள்ளியது.

கூடத்துக்குள் ஓடி, விழுந்து வணங்கி, விஷயத்தைச் சொன்னார். "யாரும் பேசாம இருந்தா போதும், ஐயா. ஒரு ஊதுவத்தி எரியற நேரம். காத வெச்சுக் கேட்டுச் சொல்லிடறேன்."

"அவ்வளவுதானா!" என்றார் ஷீ. "அமைதிதானே? நம்ம அலுவலகத்தோட அஸ்திவாரமே அமைதிதான். அமைதிய பத்தி நான் நாலு பாகத்துல ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். சூழ்நிலைக்குப் பொருத்தமா மொதப் பாகத்த மட்டும் வாசிக்கறேன்."

வாசித்தார். முதல் பாகம் முடிவதற்குள் ஒரு ஊதுவத்தி எரிந்து விழுந்தது. பாங் இன்னொன்று ஏற்றினார்.

அமைதி என்று சும்மா வாயால் சொல்லிவிட்டால் ஆயிற்றா? ஆணை எழுத வேண்டும். எழுதினார்கள். ஆணையை மூன்று தடவை உரக்கப் படிக்க வேண்டும். படித்தார்கள். அமைதி தொடங்குகிறது என்பதை அறிவிக்கப் பெரிய வெண்கலச் சேகண்டியை அடிக்க வேண்டும். அடித்தார்கள். அதன் ரீங்காரம் ஓயவே அரைவாசி வத்தி போயிற்று. லியாவ் முதல் கிண்ணத்தின் மேல் காதை வைத்தார். வாசலிலிருந்து காவலாளி தொண்டை கிழியக் கத்தினான்: "அமைதி நிலவுகிறது, ஐயா!"

"குறிச்சுக்கிட்டேன்!" என்று பாங் உள்ளேயிருந்து பதிலுக்குக் கத்தினார்.

லியாவ் கையைக் கூப்பினார். "ஐயா, அந்த சத்தம்..."

"அது சத்தம் இல்லப்பா, அறிக்கை" என்றார் ஷீ. "அமைதியா இருக்குன்னு யாராவது சொன்னாத்தானே அமைதியா இருக்குன்னு தெரியும்? வத்தியில ஒவ்வொரு விரக்கடைக்கும் ஒரு அறிக்கை. விதி."

ஆற்றங்கரையில் மண் இடிக்கிற நீர்ச் சம்மட்டிகளின் 'தொம் தொம்' வேறு கேட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஒரு குழு போயிற்று. ஊரே அமைதி காக்க வேண்டும் என்று தெருத்தெருவாக அறிவித்தபடி போனார்கள். அறிவிப்புக்கு முன்னால் இரண்டு முரசு, பின்னால் ஒரு கொம்பு. முரசுச் சத்தம் கேட்டு, ஏதோ திருவிழா என்று நினைத்து ஜனங்கள் பட்டாசு கொளுத்தினார்கள்.

மூன்றாவது வத்தியில் ஒருவழியாகக் கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது. லியாவ் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். 'டிக்.' இடது பக்கம்! நகர்ந்தார். 'டிக்.' இன்னும் இடது. பலகையின் கோடி வரை போனார். 'டிக்.' நிமிர்ந்து பார்த்தால் ஆய்வாளர் தொங் தர்பூசணி விதை கடித்துக்கொண்டிருக்கிறார். தலைநகரத்து ஆய்வாளரிடம் வாயை மூடுங்கள் என்று ஒரு மெருகுக்காரன் எப்படிச் சொல்வது? மறுபடியும் குனிந்தார். சத்தத்தை வைத்துப் பார்த்தால் அந்தக் கூடத்தில் இருப்பவற்றில் எல்லாம் புத்தம் புதிதாகச் சூளையிலிருந்து வந்தவர் ஆய்வாளர்தான்.

"அமைதி நிலவுகிறது, ஐயா!"

"குறிச்சுக்கிட்டேன்!"

வத்தி தீர்ந்தது. படகுக்கு நேரமாகிவிட்டது. பிரம்படிக்காரன் மா, ஊறிய மூங்கிலைத் தொட்டியிலிருந்து எடுத்து உதறினான். லியாவ் பஞ்சு கால்சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஆய்வாளர் எழுந்து அங்கியில் இருந்த விதைத் தோலைத் தட்டினார். "நான் போய் மேலிடத்துக்கு எழுதணும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இதுக்கு யார் பொறுப்பு?"

அப்போது விழுந்தது பாருங்கள், அமைதி!

ஷீயின் வாய் பாதி திறந்தபடி நின்றது. பாங்கின் தூரிகை தாளுக்கு ஒரு விரல் மேலே நின்றது. எட்டு முத்திரைக்காரர்களும் தரையில் எதையோ தொலைத்தவர்கள் போலக் குனிந்துகொண்டார்கள். வாசல் காவலாளி அறிக்கை சொல்ல மறந்தான். அரசுச் சூளை தொடங்கிய நாள் முதல் அந்தக் கூடத்தில் அப்படி ஓர் அமைதி நிலவியதில்லை. அதை உடைக்க யாருக்கும் அவசரமும் இல்லை.

'டிங்.'

லியாவ் பாய்ந்து குனிந்தார். 'டிங்', 'டிங்', கொஞ்சம் தள்ளி ஒரு 'டிங்'. அவருடைய கிண்ணங்கள் வெட்டுக்கிளி மாதிரி பேசிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகக் காது வைத்துக்கொண்டே போனார். ஒருவரும் மூச்சு விடவில்லை. ஒன்பதாவது கிண்ணத்தில் ஒன்றும் இல்லை. காத்திருந்தார். அப்போதும் இல்லை. கல் மாதிரி கிடந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி, "இதுதான் ஐயா பழசு!" என்று கத்தினார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். பாங் பரிவோடு முதல் தாளை எடுத்துத் தேதியைப் போட ஆரம்பித்தார். "கண்டுபிடிக்க முடிஞ்சுது. அப்ப வித்தியாசம் இருக்கு. நாப்பது. அண்ணே, இப்படி வந்து படுங்க."

லியாவ் பலகையைப் பார்த்தார். மூங்கிலைப் பார்த்தார். முத்திரைக்காரர்கள் எட்டுப் பேரையும் பார்த்தார். எங்கிருந்துதான் அந்த வார்த்தைகள் வந்தனவோ.

"ஐயா, இந்தப் பன்னெண்டும் கெட்டதுங்க இல்ல. புதுசா வேலைக்குச் சேந்ததுங்க. புதுசா சேந்தவன் மொதல்ல சத்தம் போடத்தான் செய்வான். இது சரியில்ல, அது சரியில்லம்பான். அஞ்சாறு மாசம் போனா தானா அடங்கிடுவான். அந்தப் பழசு ஐநூறு வருஷமா அரண்மனை உத்தியோகத்துல இருக்கு. அது எதுக்கு வாயத் தொறக்கும்?"

ஷீ முத்திரைக்காரர்கள் பக்கம் திரும்பினார். எட்டுப் பேரும் சத்தமில்லாமல் தலையாட்டினார்கள்.

"பயிற்சிக் காலம்!" என்றார் ஷீ, முகம் மலர்ந்து. "நான் நேத்தே இதத்தான் சொல்ல நெனைச்சேன். வித்தியாசம் கிண்ணத்துல இல்ல, தொங் ஐயா, அனுபவத்துல இருக்கு. ஆறு மாசம் பயிற்சி. எல்லாம் அடங்கினதும் அனுப்பறோம்."

ஆய்வாளருக்குப் படகு முக்கியம். ஒப்புக்கொண்டார். லியாவ் 'கிண்ணம் கேட்போர்' என்ற புதுப் பதவிக்கு உயர்த்தப்பட்டார். தினமும் காலையில் பதின்மூன்றையும் காது வைத்துக் கேட்டுக் குறிப்பு எழுத வேண்டும். லியாவ் முதல் வேலையாகப் பழைய கிண்ணத்தின் மேல் ஒரு சிவப்பு நூலைச் சுற்றினார். பாங் பதறிவிட்டார்.

"மூல விவரத்துல சிவப்பு நூல் இல்லையேண்ணே!"

"அவுத்துடுப்பா" என்றார் ஷீ. "அடையாளம் வெச்சா வித்தியாசம் இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. எல்லாத்தையும் ஒரே பலகையில, ஒரே மாதிரி வைங்க. தினம் கழுவித் தொடைச்சு வைங்க. நூல் வேணும்னா தலைநகருக்கு விண்ணப்பம் போடு."

லியாவ் விண்ணப்பம் போட்டார். போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார். எது ஊமை என்று எப்போது கேட்டாலும் சொல்லிவிடலாமே. குய்யிங் கால்சட்டையிலிருந்து பஞ்சைப் பிரித்துத் தலையணைக்குத் திணித்தாள். மூன்றாம் மாதம் ஒரு காலையில் கேட்டபோது ஊமைகள் இரண்டு இருந்தன.

அவர் பாங்கிடம் ஓடினார்.

"நல்ல விஷயம்தானேண்ணே! ஒருத்தருக்குப் பயிற்சி முடிஞ்சுது" என்று பாங் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஊமைகள் நாலு. பனிக்காலம் முடிவதற்குள் எட்டு. லியாவ் கிண்ணங்களிடம் மன்றாடிப் பார்த்தார். "பேசுங்கடா, ஒரு வார்த்தை பேசுங்கடா" என்று தட்டிக்கொடுத்தார். வெந்நீர் ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. வசந்தம் பிறந்தபோது பதின்மூன்றும் நல்ல அரசாங்க ஊழியர்களாக ஆகிவிட்டன. எது பழசு என்று இப்போது செய்தவருக்கே தெரியவில்லை. குய்யிங் ஒன்றும் கேட்காமல் தலையணையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

ஆய்வாளர் தொங் மறுபடி வந்து இறங்கினார். அதே கூடம், அதே பலகை. ஷீயும் பாங்கும் இருந்தார்கள். மா மூங்கிலை ஊறப் போட்டிருந்தான். பாங் முதல் தாளில் பழைய தேதியை அடித்துவிட்டு, இரண்டு தாள்களையும் தயாராக வைத்திருந்தார். லியாவ் பொதபொதவென்று கால்சட்டையோடு நின்றார். ஆய்வாளர் ஓர் உறையை எடுத்து நீட்டினார்.

"உன் விண்ணப்பத்துக்கு அனுமதி வந்தாச்சு. மூலக் கிண்ணத்துல மட்டும் ஒரு சிவப்பு நூல் கட்டலாம். நூலையும் அவங்களே அனுப்பியிருக்காங்க. கட்டு."

லியாவ் நூலை வாங்கினார். பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். காது வைத்துப் பார்த்தார், வழக்கத்துக்காக. அமைதியோ அமைதி. பெருமூச்சு விட்டு, எல்லாவற்றுக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டு, கைக்கு எட்டிய கிண்ணத்தை எடுத்து நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"இதுதான்."

ஷீயின் கண் கலங்கியது. "பாத்தீங்களா, தொங் ஐயா? அந்த நிதானம்! அந்தப் பெருந்தன்மை! ஐநூறு வருஷ மூச்சு அதுல இருக்கு. நூல் கட்டறதுக்கு முன்னாலயே நான் சொல்லியிருப்பேன்." உணர்ச்சி பொங்க அதை வாங்கி, நன்றாகத் தெரியட்டும் என்று ஜன்னல் வெயிலில் வைத்தார். எல்லோரும் பக்தியோடு பார்த்தார்கள்.

வெயில் பட்டது.

'டிங்.'

தெளிவாக, நகத்தால் சுண்டினாற்போல, சிவப்பு நூலுக்கு உள்ளிருந்து.

ஷீ ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் பாங்கைப் பார்த்தார். பாங் தாள்களைப் பார்த்தார். மறுபடியும் 'டி...' என்று தொடங்கியபோது ஆய்வாளர் தொங் பலமாக இருமினார். அடுத்த நொடி ஷீ இருமினார். பாங் தூரிகையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். எட்டு முத்திரைக்காரர்களும் பதவி வரிசைப்படி இருமினார்கள். மா மூங்கிலைத் தொட்டியில் போட்டுவிட்டுத் தொண்டையைக் காறினான். எல்லோரையும் விடச் சத்தமாக இருமியவர் லியாவ் சாங்கென்தான். அவருக்கு அந்த இருமலில் முப்பது வருடப் பாரமும் இறங்கினாற்போல் இருந்தது.

இருமிக்கொண்டே மஞ்சள் பட்டில் சுற்றினார்கள். இருமிக்கொண்டே பெட்டியில் உமி கொட்டினார்கள். கடைசி ஆணி இறங்கும்வரை ஒருவரும் நிறுத்தவில்லை. வாசலில் காத்திருந்த குய்யிங், உள்ளே கேட்பது அடி இல்லை, இருமல் என்று தெரிந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிவாளர் பாங் அன்றைய பதிவேட்டை எழுதி முடித்தார்: "பழைய கிண்ணம் ஒன்று. புதிய கிண்ணங்கள் பன்னிரண்டு. நல்ல நிலையில் அனுப்பப்பட்டன. அமைதி நிலவியது."